கொங்கிரீட் ஒழுங்கையில் கோடு வெட்டியும் மழைக்கு வழுக்குகிறது. மணல் வட்டம் வைத்து அளந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உவர்மலையான்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு ஏறும் ஒழுங்கைக்குப் போன ஆனி மாதம் கொங்கிரீட் போட்டார்கள். அதற்கு முன் கிறவல் பாதை. ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அடுத்த கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வேகமாக வரவில்லை, இரண்டாம் கியரில்தான் இறங்கினான்.

கீழே இன்னொரு ஒழுங்கை இருக்கிறது. பழைய கொங்கிரீட், கிட்டத்தட்ட இதே சரிவு. அங்கே யாரும் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று தேடியபோதுதான் மணல் வட்டச் சோதனை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. 25 மில்லிலீற்றர் மணலை வீதியில் கொட்டி, தட்டையான வட்டக் கட்டையால் சுற்றிச் சுற்றிப் பரப்ப வேண்டும். மணல் பள்ளங்களை நிரப்பிக்கொண்டே போகும். இனிப் பரவாது என்ற நிலையில் வட்டத்தின் விட்டத்தை நான்கு திசையில் அளந்து சராசரி எடுக்கிறோம். மணலின் கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் மேற்பரப்பின் சராசரி ஆழம் வரும். வட்டம் பெரிதானால் மேற்பரப்பு வழுவழுப்பு, சிறிதானால் சொரசொரப்பு.

நான் மூன்று முறை அளந்தேன். பழைய ஒழுங்கையில் விட்டம் 245 மில்லிமீற்றர், அதாவது ஆழம் 0.53 மில்லிமீற்றர். புதியதில் 340, ஆழம் 0.28 மட்டும். இதைக் காட்டி முறையிட்டதும் வேலை எடுத்தவர் ஆள் அனுப்பி, கிரைண்டரால் குறுக்கே கோடு கோடாக வெட்டினார். மறுபடி அளந்தேன். விட்டம் 205, ஆழம் 0.76. பழைய ஒழுங்கையை விடக் கூட! ஆனால் நேற்று மழைக்கு நானே அதில் சறுக்கினேன். எண் நல்லாக இருக்கிறது, வீதி அப்படியே இருக்கிறது. நான் அளந்ததில் பிழையா?

சீனக்குடா ஓட்டோ

தம்பி, அம்மாவின் கை இப்போது எப்படி? நீங்கள் சொல்லும் ஏற்றம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். போன கிழமை ஆள் ஏற்றிக்கொண்டு வந்தபோது பின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. கோடு வெட்டிய பிறகுதான் இது. தண்ணீர் தேங்கி நிற்கவில்லை, கோடு வழியாக ஓரத்துக்கு ஓடுகிறது. அந்த வேலையைக் கோடு செய்கிறது. ஆனால் ரயர் பிடிக்கவில்லை.

இன்னொன்று. விடாமல் பெய்யும் நாளை விட முதல் தூறல் விழும் அரை மணி நேரம்தான் மோசம். வெயில் காலம் முழுக்கப் படிந்த தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். பெரிய மழை பெய்து கழுவிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஐப்பசியில் புதிதாக ஓட வரும் பொடியன்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

ஆய்வுகூடத்தார்

நீங்கள் அளந்ததில் பிழை இல்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. கோட்டின் அகலம், ஆழம், இடைவெளி மூன்றையும் அளந்து போடுங்கள், காட்டுகிறேன்.

உவர்மலையான்

அகலம் 3 மில்லிமீற்றர், ஆழம் 4, ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடு வரை 25.

ஆய்வுகூடத்தார்

சரி, இப்போது பாருங்கள். ஒரு கோட்டின் குறுக்குவெட்டு 3 தர 4, அதாவது 12 சதுர மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு. 12ஐ 25ஆல் வகுத்தால் 0.48. வெட்டுமுன் உங்கள் ஆழம் 0.28. இரண்டையும் கூட்டினால் 0.76. நீங்கள் மணலில் அளந்ததும் அதே 0.76. கூடிய ஆழம் முழுவதும் கோட்டுக்குள்தான் இருக்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள 22 மில்லிமீற்றர் மேடு ஆனி மாதம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. ரயரும் செருப்பும் தொடுவது அந்த மேட்டைத்தான்.

வீதியின் சொரசொரப்பை அலைநீளத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். 0.5 மில்லிமீற்றரிலிருந்து 50 மில்லிமீற்றர் வரை உள்ளது பெருஞ்சொரசொரப்பு. கோடு, தும்புத்தடி (நீளப் பிடி வைத்த தும்புத் துடைப்பம்) இழுத்த வரி, வெளியே தெரியும் கல் எல்லாம் இதில் சேரும். 0.5க்குக் கீழே உள்ளது நுண்சொரசொரப்பு. இது கண்ணுக்குச் சரியாகப் படாது, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரித் தெரியும். ஈரமான தரையில் கடைசியாக எஞ்சும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து ரப்பரைத் தரையோடு தொட வைப்பது இந்த நுண்சொரசொரப்புத்தான். பெருஞ்சொரசொரப்பின் வேலை, வேகமாக வரும் ரயருக்கு அடியில் இருக்கும் மொத்தத் தண்ணீருக்கு வெளியே போக வழி விடுவது. மணிக்கு 80, 100 என்று ஓடும் வீதியில் அது உயிர் காக்கும். அம்மா நடந்த வேகத்தில், தம்பி வந்த வேகத்தில் பிடிப்பைத் தீர்மானிப்பது நுண்சொரசொரப்பு. மணல் வட்டம் அதை அளக்காது. மணலே 0.15 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை பருமன். தன்னை விடச் சிறிய முள்ளை அது எப்படிக் காட்டும்?

ஆகவே இரண்டு அளவு வேண்டும். ஒன்று மணல், மற்றது உராய்வு. உராய்வுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் கையடக்கக் கருவி பிரித்தானிய ஊசல். பெயர் அப்படி இருந்தாலும் அதன் வேர் அமெரிக்காவில் 1940களில் கட்டடத் தரைகளின் வழுக்கலைப் பார்க்கச் செய்த ஊசல். பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக்காரர்கள் அதை வீதிக்கு ஏற்ப மாற்றினார்கள். ஊசல் கையின் நுனியில் 3 அங்குல அகல ரப்பர் துண்டு. தரையை நனைத்து, அந்தக் கையை மேலிருந்து விட்டால் ரப்பர் சுமார் 125 மில்லிமீற்றர் தூரம் தரையை உரசிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு உராய்வு. உரசும் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் அளவுதான் என்பதால் அது காட்டுவது பெரும்பாலும் நுண்சொரசொரப்பை. உங்கள் ஒழுங்கைக்கு வேண்டியது அதேதான்.

கிண்ணியா மேசன்

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா சொன்னதைப் படித்தேன். அந்த மேடு ஏன் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். வாப்பாவோடு 15 வயதில் கொங்கிரீட் வேலைக்கு இறங்கியவன் நான்.

ஆனி மாதம் என்றால் கச்சான் காற்று. வெயிலும் காற்றும் சேர்ந்தால் கொங்கிரீட்டின் மேல் தோல் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். அந்த நேரம் மட்டப்பலகை ஓடாது. அவசரத்தில் ஆட்கள் என்ன செய்வார்கள்? மேலே தண்ணீர் தெளிப்பார்கள், கொஞ்சம் சீமெந்தும் தூவுவார்கள், இரும்புக் கரண்டியால் இழுத்து மினுக்குவார்கள். பார்க்க அழகு. வீட்டு விறாந்தைக்குச் சரி. வீதிக்கு அது கூடவே கூடாது. மேலே நிற்பது மணல் இல்லாத வெறும் சீமெந்துப் பால். அது வழுக்கும், பிறகு தூளாக உரியும், உரிந்தாலும் சீராக உரியாது.

வாப்பா சொல்லித்தந்த முறை வேறு. காலையில் வேளைக்குத் தொடங்க வேண்டும். கொங்கிரீட்டைத் தண்ணியாகக் குழைக்கக் கூடாது. மட்டம் பார்த்த பிறகு மேலே ஊறி நிற்கும் தண்ணீர் தானாகப் போகும் வரை கை வைக்கக் கூடாது. மினுமினுப்புப் போய் மங்கும் நேரம் பார்த்து, மரக் கட்டையால் ஒரு தேய்ப்பு, உடனே தும்புத்தடியை ஒரே இழுவையில் குறுக்கே இழுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வரி மூடிக்கொள்ளும், பிந்தினால் தும்பு கீறாது. அந்த நேரம் கால் மணிதான் இருக்கும். தும்பு இழுக்கும்போது மணல் தலை தூக்கும், அதுதான் பிடிப்பு. பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமை காக்க வேண்டும். காக்காத கொங்கிரீட்டில் எந்த வரி போட்டாலும் தேய்ந்துவிடும்.

உங்கள் பழைய ஒழுங்கை தும்புத்தடி இழுத்ததாகத்தான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

உவர்மலையான்

பார்த்தேன் மேசன் நானா. வரி இன்னும் மெலிதாகத் தெரிகிறது. தடவினால் விரல் இழுபடுகிறது. புதியதில் விரல் ஓடுகிறது.

நிலாவெளி ரீச்சர்

நான் வேறு பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோளோடு வருகிறேன். கோடு வெட்டினால் பாதுகாப்பு என்ற பேச்சு பரவிவிட்டது. எங்கள் வீட்டுக்கு முன் மதகை ஒட்டி 60 மீற்றர் அளவு கொங்கிரீட் துண்டு இருக்கிறது, குறுக்கே நல்ல ஆழமான கோடு. காப்பெட் போட்ட தார் வீதியில் சத்தமில்லாமல் வரும் வாகனம் அந்தத் துண்டில் ஏறியதும் ஊளையிடத் தொடங்கும். இரவில் படுக்க முடியவில்லை. வயதான மாமியார் ஒவ்வொரு வானுக்கும் எழும்புகிறா. ‘வீதி என்றால் சத்தம் வரத்தான் செய்யும்’ என்று சொல்கிறார்கள். ஆனால் இது சாதாரண இரைச்சல் இல்லை, ஒரே சுருதியில் வரும் ஊளை. இதை எப்படி விளக்கிச் சொல்வது?

ஆய்வுகூடத்தார்

ரீச்சர், உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. அதற்குக் கணக்கும் உண்டு. ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடு இருந்தால் ரயர் ஒவ்வொரு கோட்டையும் ஒரு தட்டு தட்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 16.7 மீற்றர். 25 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு என்றால் விநாடிக்கு 667 தட்டு. அதாவது 667 ஹேர்ட்ஸ் சுருதி. வேகம் கூடினால் சுருதி ஏறும். 100 கிலோமீற்றரில் 1,100ஐத் தாண்டும், அது மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடும். மொத்த டெசிபெல் பெரிதாகக் கூடாவிட்டாலும் ஒரு சுருதி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் மனிதருக்குத் தாங்க முடியாது. டெசிபெல் கருவி காட்டும் ஒற்றை எண்ணில் இந்தத் துன்பம் ஒளிந்துவிடும்.

கைபேசியில் ஒலியின் அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் செயலி கிடைக்கும். கைபேசி சொல்லும் டெசிபெல்லை நம்பாதீர்கள், அது அளவுதிருத்தம் செய்த கருவி இல்லை. ஆனால் சுருதி எந்த ஹேர்ட்ஸில் இருக்கிறது என்பதை அது சரியாகவே காட்டும். கோட்டு இடைவெளியை அளந்து, தெரிந்த வேகத்தில் ஒரு வாகனத்தை ஓடவிட்டுப் பாருங்கள். கணக்கும் கைபேசியும் ஒத்துப்போனால் ஊளை கோட்டிலிருந்துதான் வருகிறது என்று யாருக்கும் காட்டலாம்.

நிலாவெளி ரீச்சர்

ஐயா, மகனை வைத்துச் செய்து பார்த்தேன். பத்துக் கோட்டு இடைவெளியைச் சேர்த்து அளந்தால் 260 மில்லிமீற்றர், ஆகவே ஒன்று 26. மகன் 60இல் ஓட்டினான். கணக்குப்படி 641 வரவேண்டும். கைபேசியில் 640க்குப் பக்கத்தில் ஒரு கம்பம் போல எழும்பி நின்றது. 40இல் ஓட்டியபோது அது 430 பக்கம் இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை மாதம் என்னைக் குறை சொல்லுகிற ஆள் என்றுதான் பார்த்தார்கள். இப்போது கையில் படம் இருக்கிறது.

கந்தளாய்த் தம்பி

நான் சிவில் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் பல வகைக் கொங்கிரீட் மேற்பரப்புகளை ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள், 2000இல் அறிக்கை வந்தது. சம இடைவெளிக் குறுக்குக் கோடுதான் ஊளைக்குக் காரணம் என்றும், வாகனம் ஓடும் திசையில் நீளவாட்டில் போட்ட கோடு அமைதியானது என்றும் அதில் காட்டினார்கள். அங்கே நீளவாட்டுக் கோட்டுக்கு வழக்கமான இடைவெளி 19 மில்லிமீற்றர். குறுக்குக் கோடுதான் வேண்டும் என்றால் இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி வைத்தால் ஒரே சுருதி உருவாகாமல் சிதறிவிடும். வைர அலகு பொருத்திய இயந்திரத்தால் மேற்பரப்பையே மெல்லச் சீவி எடுப்பது இன்னொரு வழி, அமைதியான கொங்கிரீட் பரப்புகளில் அதற்கு முன்வரிசை இடம். ஆகவே உவர்மலை ஒழுங்கையிலும் நீளவாட்டில் வெட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை அல்லவா?

ஆய்வுகூடத்தார்

ஊளை பற்றிச் சொன்னது சரி. உவர்மலை பற்றி எனக்கு உடன்பாடு இல்லை, தம்பி. அது செங்குத்தான ஒழுங்கை. அங்கே ஓடும் வேகத்தில் ரயர் சத்தத்தை விட ஓட்டோ என்ஜின் சத்தம்தான் மேலே நிற்கும். ரயர் சத்தம் மேலோங்கத் தொடங்குவது மணிக்கு 40, 50 கடந்த பிறகு. ஆகவே அங்கே இரைச்சலை ஒரு காரணமாக எடுக்க வேண்டாம். சரிவில் நீளவாட்டில் கோடு வெட்டினால் தண்ணீர் ஓரத்துக்குப் போகாமல் கோடு வழியே அடிவாரம் வரை ஓடும். மோட்டார் சைக்கிளின் ஒடுங்கிய ரயர் கோட்டுக்குள் இழுபடுவது போலவும் ஓட்டுபவருக்குத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் திசையில் வெட்டினாலும் நடுவில் உள்ள மேடு அதே மேடுதான்.

ரீச்சரின் மதகடியையும் உவர்மலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். மணல் வட்டம் வைத்தால் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரக்கூடும். ஒன்று ஊளையிடுகிறது, மற்றது வழுக்குகிறது. ஒரு பரப்பில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்பதைத்தான் சராசரி ஆழம் சொல்லும். அந்தப் பள்ளம் எந்தத் திசையில், எந்த ஒழுங்கில் இருக்கிறது, மேல்நோக்கிக் கல் துருத்துகிறதா, சமதளத்தில் கீழ்நோக்கி வெட்டியிருக்கிறதா என்று ஒன்றும் சொல்லாது. லேசர் கருவிகள் மேற்பரப்பின் வடிவத்தையே வரைந்து தருவதால்தான் அவற்றுக்கு மதிப்பு. வட்டமாகச் சுற்றும் ஒரு லேசர் கருவி உண்டு, 284 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு சுற்று சுற்றி, அதை எட்டுத் துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஆழத்தையும் தரும். கோட்டுக்குக் குறுக்கே ஓடிய துண்டும் கோட்டோடு ஓடிய துண்டும் வேறு வேறு எண் காட்டும். திசை இருப்பது அதில் பிடிபடும்.

உவர்மலையான்

ஊசல் கைக்கு வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை. மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று இரவல் வாங்கினேன். பழைய மோட்டார் சைக்கிள் ரயரில் வெட்டிய துண்டைப் பலகையின் அடியில் ஒட்டி, மேலே பாரம் வைத்து மொத்தம் 5 கிலோ ஆக்கினேன். தரையை நனைத்து, சரிவுக்குக் குறுக்கே மட்டமாக மெல்ல இழுத்தேன். பழைய ஒழுங்கையில் தராசு 3.4 கிலோ காட்டியது. புதியதில் கோட்டோடு இழுத்தால் 1.9, கோட்டைக் கடந்து இழுத்தால் 2.1. கோடு தந்த லாபம் இவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தார்

அருமை. 1.9ஐ 5ஆல் வகுத்தால் 0.38, பழையதில் 0.68. இந்த எண்களை வேறு எந்த வீதியோடும் ஒப்பிடாதீர்கள். ரப்பரின் உராய்வு வேகத்தோடும் வெப்பத்தோடும் மாறும், நீங்கள் இழுத்ததோ ஊர்ந்து போகிற வேகம். ஆனால் ஒரே ரப்பர், ஒரே பாரம், ஒரே கை, ஒரே நாள் என்பதால் இரண்டு ஒழுங்கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஊசலை ஒரு நாள் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன். ரப்பர் வெயிலில் காயாமல் இருக்கக் காலையிலேயே முடிப்போம். 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குக் கணக்கிட்ட கருவி அது, நம் ஊர் வெப்பத்தில் ரப்பர் இளகுவதற்கு ஒரு சிறு திருத்தம் கூட்ட வேண்டும்.

கிண்ணியா மேசன்

சனிக்கிழமை நானும் வருகிறேன். வரும்போது பல் வைத்த கொத்துச் சுத்தியல் கொண்டு வருகிறேன். ஒரு மீற்றர் நீளத்துக்கு மட்டும் மேல் தோலைக் கொத்தி எடுத்துப் பார்ப்போம். ஆழமாக வேண்டாம், ஒன்று இரண்டு மில்லிமீற்றர் போதும். சீமெந்துப் பால் போனால் உள்ளே இருப்பது மகாவலி ஆற்று மணல். நல்ல வெள்ளைக்கல் மணி, இலேசில் தேயாது. கல் நொறுக்கிய தூளை மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சிலர் அமிலம் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். வேண்டாம். சரிவில் ஊற்றினால் கீழ் வீட்டுக் கிணற்றடிக்குப் போகும்.

உவர்மலையான்

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். ஊசலை ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை விட்டுச் சராசரி எடுத்தோம், எல்லாம் நனைத்த தரையில், திருத்தம் கூட்டிய பிறகு. ஊசல் எண் கூடினால் பிடிப்பும் கூட. புதிய ஒழுங்கை 31. பழைய ஒழுங்கை 63. மேசன் நானா கொத்திய ஒரு மீற்றர் 66.

பிரித்தானியாவில் 1969இல் வெளியிட்ட வீதிக் குறிப்பு ஒன்றை ஐயா எடுத்து வந்திருந்தார். செங்குத்தான இறக்கம், வளைவு போன்ற கடினமான இடத்துக்கு 65, சாதாரண வீதிக்கு 45 என்று அதில் இருக்கிறது. நடப்பவர்களுக்கு அங்கே இன்று பார்க்கும் அளவில் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு, 25க்கும் 35க்கும் இடையில் நடுத்தரம். அம்மா விழுந்த இடம் 31. கொத்திய துண்டில் மணல் வட்டமும் வைத்தோம், கோடு இல்லாத ஓரமாகப் பார்த்து: விட்டம் 230, ஆழம் 0.60. கோடு வெட்டிய இடத்தை விட ஆழம் குறைவு, ஊசலில் இரண்டு மடங்குக்கு மேல்.

அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்து எல்லாவற்றையும் பார்த்தா. கடைசியில் இறங்கி வந்து, ஈரமாக இருந்த அந்த ஒரு மீற்றரில் வெறுங்காலோடு நின்று பார்த்தா. ‘இதை மேலே வரைக்கும் செய்யச் சொல்லு’ என்றா.

வேலை எடுத்தவரிடம் இந்த எண்களை எழுதிக் கொடுத்தோம். அவர் வந்து கொத்திய துண்டை நேரில் பார்த்தார். முழுவதும் செய்ய ஒரு சிறிய கொத்து இயந்திரம் வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சீனக்குடா ஓட்டோ

சந்தோசம் தம்பி. இயந்திரம் வரும் நாளைச் சொல்லுங்கள். கீழே சந்தியில் நின்று வாகனங்களைத் திருப்பி விட நாங்கள் மூன்று பேர் வருகிறோம்.

நிலாவெளி ரீச்சர்

ஐயா, எங்கள் மதகடிக்கும் ஊசலைக் கொண்டு வர முடியுமா? ஊளையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது பிடிப்பும் குறைந்துவிடக் கூடாது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள். இப்போது என்ன எண் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேட்க விரும்புகிறேன்.

ஆய்வுகூடத்தார்

வருகிறேன் ரீச்சர். வாகனம் ஓடும் இடம் என்பதால் மறித்துத் தரவேண்டும், அதற்கு முதலில் அனுமதி எடுங்கள். மணலையும் அப்போதே வைத்துவிடுவோம். கடற்கரை மணலை அப்படியே கொண்டு வராதீர்கள், சிப்பித் தூள் கலந்திருக்கும், உப்பு ஈரம் இழுத்துக் கட்டிபடும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து இரண்டு அரிதட்டில் அரிக்க வேண்டும்.

உவர்மலையான்

ரீச்சர், மணலுக்கு அலைய வேண்டாம். அரித்துக் காயவைத்தது இரண்டு போத்தல் என்னிடம் மிச்சம் இருக்கிறது. வாடைக் காற்றுக்கு மறைப்பாக வைக்க மட்டைப் பெட்டி ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள்.